குழந்தைகள் சொன்ன பிறகும்

2004-ம் ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மெரிடியன் டவுன்ஷிப் காவல்துறையிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி புகார் கொடுத்தாள். முதுகெலும்பு வளைவுக்காகப் பார்க்கப் போன மருத்துவர், சிகிச்சை என்ற பெயரில் தொடக்கூடாத இடங்களில் தன்னைத் தொட்டதாக எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். தடயப் பரிசோதனைக்கும் உட்பட்டாள். காவல்துறை மருத்துவரை அழைத்தது. அவர் பவர்பாயின்ட் ஸ்லைடுகளோடு வந்து, இடுப்பெலும்பை ஒட்டிய தசைநார்களைப் படம் போட்டுக் காட்டினார். தான் செய்தது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை முறை என்றார். விசாரணை அதிகாரி அதை நம்பினார். அவரோடு தொடர்பில்லாத இன்னொரு மருத்துவரைக் கூப்பிட்டு, இப்படியொரு சிகிச்சை உண்டா என்று கேட்கவில்லை. கோப்பு அரசு வழக்கறிஞரின் மேசைக்குப் போகவே இல்லை. விஷயம் முடிந்தது என்று பெண்ணின் வீட்டுக்குத் தகவல் போனது.

அந்த மருத்துவர் லேரி நாசர். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் தேசிய அணியின் மருத்துவர், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆசிரியர். 2018-ல் அதே டவுன்ஷிப் நிர்வாகம் அந்தப் பெண்ணிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நடுவில் கழிந்த 14 ஆண்டுகளில் 12 ஆண்டுகள் நாசர் தொழிலில் இருந்தார்.

மருத்துவர்கள் குழந்தைகள் மீது நடத்திய பாலியல் வன்கொடுமை பற்றி இருபது ஆண்டுகளில் வெளிவந்த பெரிய வழக்குகளை வரிசையாகப் படித்தால், ஒரு பொதுவான நம்பிக்கை உடைந்துபோகும். குழந்தைகள் பயந்து வாயைத் திறக்காமல் இருந்ததால்தான் இந்தக் குற்றங்கள் மறைந்திருந்தன என்று நாம் நினைக்கிறோம். ஒரு பகுதி அது உண்மைதான். ஆனால் பெரும்பாலான வழக்குகளில், வெகு ஆரம்பத்திலேயே ஒரு குழந்தையோ, தாயோ, நர்ஸோ, சக மருத்துவரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்கள், அதை என்ன செய்வது என்று குற்றம் சாட்டப்பட்டவரிடமே போய்க் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலை எழுதிக் கோப்பை மூடினார்கள். இந்தக் கட்டுரையின் அக்கறை அந்த இரண்டாம் மனிதரைப் பற்றியது: காதில் விழுந்த பிறகு அவர் என்ன செய்தார்?

மருத்துவரின் குற்றம் மற்றவர்களுடையதிலிருந்து ஓரிடத்தில் வேறுபடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையின் உடையைக் கழற்றச் சொன்னால் அதுவே எச்சரிக்கை. மருத்துவர் சொன்னால் அது வழக்கம். “டாக்டர் சொன்னபடி கேளு, அழக் கூடாது” என்று சொல்லி உள்ளே அனுப்புவதே பெற்றோர்தான். எது பரிசோதனை, எது அத்துமீறல் என்று ஆறு வயதுக் குழந்தைக்கு மட்டுமல்ல, பதினாறு வயதுப் பெண்ணுக்கும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் பல நேரம் தெரியாது. நாசரிடம் போன பல பெண்கள், தாய் அதே அறையில் இருக்கும்போதே அது நடந்தது என்று சாட்சி சொன்னார்கள். தாயின் பார்வையை மறைக்கும்படி அவர் நின்றுகொண்டு, அம்மாவிடம் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தபடியே இருந்திருக்கிறார். அம்மா இங்கேதானே இருக்கிறார், தப்பாக இருந்தால் அவர் சும்மா இருப்பாரா என்று அந்தப் பெண்கள் தங்களையே சமாதானப்படுத்திக்கொண்டார்கள்.

நாசர் விவகாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிறுவனங்கள் தவறக்கூடிய வழிகள் ஏறக்குறைய அனைத்தும் அதில் இருக்கின்றன. 1997-ல் 16 வயது வீராங்கனை ஒருத்தி பல்கலைக்கழகத்தின் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் சொன்னாள். பயிற்சியாளர் அதை மேலே கொண்டுபோகவில்லை. அந்தச் செய்தி நாசரின் காதுக்குத்தான் போனது. அடுத்த சிகிச்சைக்கு அந்தப் பெண் அதே மருத்துவரின் மேசையில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. 2004-ல் நடந்ததை மேலே பார்த்தோம்.

2014-ல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவி ஒருவர் முறைப்படி புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது. நாசர் செய்தது மருத்துவமா என்று கருத்துக் கேட்கப்பட்ட வல்லுநர்கள் எல்லோரும் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள், நாசரை நன்கு அறிந்தவர்கள். மருத்துவ நோக்கில்தான் தொட்டார் என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கைக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. புகார் கொடுத்தவரிடம் தந்த பிரதியில், உங்களுக்கும் மருத்துவத்துக்கும் இடையே புரிதல் குறைவு என்ற தொனி. நிர்வாகத்துக்குப் போன பிரதியில், இந்த முறை நோயாளிகளுக்கு மன உளைச்சல் தரக்கூடும், பல்கலைக்கழகத்துக்கும் சட்டச் சிக்கல் வரலாம் என்ற எச்சரிக்கை. ஆபத்து நிர்வாகத்திடம் சொல்லப்பட்டது. ஆபத்துக்கு ஆளானவரிடம் மறைக்கப்பட்டது. என்னால் இன்றும் ஜீரணிக்க முடியாத விவரம் இது.

அதன் பிறகு நாசருக்குச் சில நிபந்தனைகள் விதித்தார்கள். இத்தகைய சிகிச்சையின்போது அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும், வெறுங்கையால் தொடுவதைத் தவிர்க்க வேண்டும் என்பது போன்றவை. அவற்றைப் பின்பற்றுகிறாரா என்று யாரும் பார்க்கவில்லை. கூட இருக்க வேண்டிய ஊழியர்களிடம் அப்படியொரு விதி இருப்பதே சொல்லப்படவில்லை. அதே புகார் மீதான காவல் விசாரணை இன்னும் முடியாத நிலையிலேயே அவர் மீண்டும் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய மேலதிகாரியாக இருந்த டீன் வில்லியம் ஸ்ட்ராம்பெல் பின்னாளில், 2019-ல், கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தது உள்ளிட்ட குற்றங்களுக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

2015 கோடையில் தேசிய அணியின் வீராங்கனைகள் தமக்குள் பேசிக்கொண்டதைப் பயிற்சியாளர் ஒருவர் தற்செயலாகக் கேட்டு மேலிடத்துக்குச் சொன்னார். யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு உடனே காவல்துறைக்குப் போகவில்லை. தானே ஒருவரை வைத்து விசாரித்து, ஐந்து வாரம் கழித்து எஃப்பிஐயின் இண்டியானாபொலிஸ் அலுவலகத்துக்குச் சொன்னது. அங்கே ஒரே ஒரு வீராங்கனையிடம் தொலைபேசியில் பேசினார்கள். அந்த உரையாடல் 17 மாதம்வரை முறையாகப் பதிவுசெய்யப்படவே இல்லை. நாசர் வாழ்ந்த மிச்சிகனின் எஃப்பிஐ அலுவலகத்துக்கோ உள்ளூர்க் காவலுக்கோ தகவல் போகவில்லை. அலுவலகத்தின் தலைவர் அதே காலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பின் தலைவரோடு, ஒலிம்பிக் குழுவில் தனக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று பேசிக்கொண்டிருந்தார். 2021 ஜூலையில் நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கை இதையெல்லாம் பதிவுசெய்தது. எஃப்பிஐயிடம் சொன்ன பிறகு, நாசர் அம்பலமாகும்வரை கழிந்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தில் சுமார் 70 இளம் பெண்கள் அவரிடம் சிக்கினார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு அதிகாரிகள் மீதும் குற்ற வழக்குத் தொடுக்க நீதித்துறை மறுத்துவிட்டது.

கடைசியில் கதவைத் திறந்தது ஒரு நாளிதழ். 2016 ஆகஸ்டில் ‘இண்டியானாபொலிஸ் ஸ்டார்’, ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பு பயிற்சியாளர்கள் மீதான புகார்களைக் கிடப்பில் போட்டு வைத்ததைப் பற்றி எழுதியது. அந்தச் செய்தியில் நாசரின் பெயர் இல்லை. அதைப் படித்த ரேச்சல் டென்ஹாலண்டர் என்ற வழக்கறிஞர், 15 வயதில் தனக்கு நடந்ததை அன்றே அந்த நாளிதழுக்கு எழுதினார். பின்னர் மருத்துவ ஆவணங்களையும், உண்மையான சிகிச்சை எப்படிச் செய்யப்படும் என்ற மருத்துவக் கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு காவல்துறைக்குப் போனார். பாதிக்கப்பட்டவரே மருத்துவம் படித்து நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். இம்முறை விசாரித்த ஆண்ட்ரியா மன்ஃபோர்டு என்ற அதிகாரி மருத்துவ விளக்கங்களைக் கேட்டு மயங்கவில்லை. நாசரின் வீட்டைச் சோதித்தபோது வாசலில் குப்பையோடு கிடந்த ஹார்டு டிஸ்க்குகளில் 37,000 சிறார் ஆபாசப் படங்கள் கிடைத்தன. அதே மருத்துவர், அதே விளக்கம். ஆனால் 2004-க்கும் 2016-க்கும் இடையே வேறுபட்டது விசாரித்தவரின் மனநிலை ஒன்றுதான்.

2018 ஜனவரியில் நீதிபதி ரோஸ்மேரி அக்விலினாவின் நீதிமன்றத்தில் ஏழு நாட்கள் 156 பேரின் வாக்குமூலங்கள் வாசிக்கப்பட்டன. 40 முதல் 175 ஆண்டுச் சிறை. பல்கலைக்கழகம் 50 கோடி டாலர், ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பும் ஒலிம்பிக் குழுவும் சேர்ந்து 38 கோடி டாலர், 2024-ல் நீதித்துறை 13.87 கோடி டாலர் என்று இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டன. நூறு கோடி டாலருக்கு மேல். 1997-ல் ஒரு பயிற்சியாளர் தொலைபேசியை எடுத்திருந்தால் தேவைப்பட்டிராத பணம்.

பிரான்சில் நடந்தது இதைவிட இருண்டது, ஏனெனில் அங்கே குற்றம் நிரூபணமாகித் தண்டனையும் பெற்ற ஒருவரைத்தான் தெரிந்தே தொடர விட்டார்கள்.

ஜோயல் லெ ஸ்குவார்னெக் வயிற்று அறுவை மருத்துவர். மேற்கு பிரான்சின் சிறு நகர மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர். சிறார் ஆபாசத் தளம் ஒன்றில் பணம் கட்டியவர்களின் பட்டியலை 2004-ல் எஃப்பிஐ பிரான்சுக்கு அனுப்பியது. அதில் இவர் பெயர் இருந்தது. 2005-ல் வான் நகர நீதிமன்றம் நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்து அதை நிறுத்தியும் வைத்தது. சிகிச்சை பெற வேண்டும் என்றோ, குழந்தைகளிடம் பணிபுரியக் கூடாது என்றோ ஒரு நிபந்தனையும் இல்லை. அந்தத் தீர்ப்போடு அவர் மறுநாளும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யலாம். செய்தார்.

2006-ல் கெம்பெர்லே மருத்துவமனையில் உடன் பணியாற்றிய மனநல மருத்துவர் தியெரி பொன்வாலோ இந்தத் தண்டனை பற்றி அறிந்து நிர்வாகத்துக்கு எழுத்துமூலம் எச்சரித்தார். குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில் இவர் இருக்கலாமா என்று கேட்டார். லெ ஸ்குவார்னெக்கிடம் நேரடியாகவும் பேசி, ராஜினாமா செய்யச் சொன்னார். சிறிய மருத்துவமனை, அறுவை மருத்துவர் கிடைப்பது அரிது, இவர் போனால் பிரிவையே மூட வேண்டியிருக்கும். நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. மாவட்ட மருத்துவர் மன்றத்துக்கும் விஷயம் போனது. அது கூடிப் பேசி, தொழில் ஒழுக்க விதி மீறப்படவில்லை என்று முடிவெடுத்தது. சுகாதார அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது. யாரும் தடை போடவில்லை. பின்னர் ஜோன்சாக் என்ற ஊரின் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கேயும் பழைய தண்டனை நிர்வாகத்துக்குத் தெரியும்.

2017-ல் பக்கத்து வீட்டின் ஆறு வயதுச் சிறுமி தன் பெற்றோரிடம் சொன்னாள். அவர்கள் நம்பினார்கள், போலீசுக்குப் போனார்கள். வீட்டைச் சோதித்தபோது பல்லாண்டுகளாக எழுதி வைத்த குறிப்பேடுகள் கிடைத்தன. எந்தக் குழந்தையை, எந்த மருத்துவமனையில், என்ன செய்தார் என்று பெயர், வயதோடு எழுதியிருந்தார். பலர் அறுவை சிகிச்சைக்குப் பின் மயக்கம் தெளியாமல் கிடந்தவர்கள். அவர்களுக்கு எதுவும் நினைவில்லை. முப்பது, நாற்பது வயதான அவர்களைக் காவலர்கள் தேடிப் பிடித்து, உங்கள் பெயர் இந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. காரணம் புரியாமல் மருத்துவமனையைக் கண்டாலே நடுங்கியவர்கள், உறக்கமின்றித் தவித்தவர்கள், தங்கள் வாழ்க்கையின் விளக்கத்தைக் குற்றவாளியின் கையெழுத்தில் படித்தார்கள்.

2025 பிப்ரவரியில் வான் நகரில் தொடங்கிய வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் 299 பேர். 1989 முதல் 2014 வரையிலான குற்றங்கள். சராசரி வயது 11. ஆண் குழந்தைகள் பாதிக்கு மேல். மே 28-ல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிரெஞ்சுச் சட்டத்தில் அதற்கு மேல் இடமில்லை. ஒவ்வொரு குற்றத்துக்குமான தண்டனையைக் கூட்டிக்கொண்டே போகும் முறை அங்கே கிடையாது. வெளியே கூடியிருந்த பாதிக்கப்பட்டவர்களின் கோபம் பெருமளவு மருத்துவர் மன்றத்தின் மேல்தான் இருந்தது. 2006-ல் ஒழுக்க மீறல் இல்லை என்ற அந்த மன்றம், இந்த வழக்கில் தானும் பாதிக்கப்பட்ட தரப்பு என்று வாதிகளோடு உட்கார்ந்திருந்தது.

மற்ற வழக்குகளைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஒவ்வொன்றும் ஒரு தனிப் பலவீனத்தைக் காட்டுவதால் மட்டும். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் லூயிஸ் என்ற கடலோர ஊரில் குழந்தைகள் நல மருத்துவராக இருந்தவர் ஏர்ல் பிராட்லி. கிளினிக்கைப் பொம்மைகளாலும் கார்ட்டூன் படங்களாலும் அலங்கரித்திருந்தார். 2009 டிசம்பரில் கைதானபோது அவர் எடுத்த வீடியோக்களில் நூறுக்கு மேற்பட்ட குழந்தைகள், பெரும்பாலும் மிகச் சிறு வயதினர். அதற்கு முன் பென்சில்வேனியாவில் ஒரு புகார், 1996-ல் ஒரு நர்ஸின் புகார், 2005-ல் மில்ஃபோர்டு காவலின் விசாரணை, 2008-ல் மாநிலக் காவலின் விசாரணை. கிளினிக் நிர்வாகத்தைக் கவனித்த அவருடைய சொந்தச் சகோதரியே மருத்துவச் சங்கத்துக்கு எழுதியிருந்தார். சக மருத்துவர்கள் சந்தேகத்தைத் தமக்குள் பேசிக்கொண்டார்கள். உரிமம் வழங்கும் வாரியத்துக்கு எழுதவில்லை. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தன்னிடம் வந்தது ஒற்றைப் புகார். ஐந்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

ஸ்டான்லி வெபர் அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கான அரசு மருத்துவத் துறையில் குழந்தைகள் மருத்துவர். மொன்டானாவின் பிளாக்ஃபீட் பகுதியில் சந்தேகம் எழுந்ததும் அவர் தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரைப் பற்றி விடாமல் எச்சரித்த இன்னொரு குழந்தைகள் மருத்துவரைத்தான் வேறு ஊருக்கு மாற்றினார்கள். வெபர் 2016 வரை வேலையில் இருந்தார். 2020-ல் ஐந்து ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஏழைப் பழங்குடிக் குழந்தைகளுக்கு வேறு மருத்துவர் இல்லை, குறைசொன்னால் போக வேறு ஆஸ்பத்திரியும் இல்லை. கெம்பெர்லேயில் போலவே இங்கும், டாக்டர் பற்றாக்குறை என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் மூடியது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் மைல்ஸ் பிராட்பரி ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைப் பார்த்தவர். பருவ மாற்றம் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிச் சிறுவர்களின் பெற்றோரை வெளியே நிறுத்தினார். 2013 நவம்பரில் ஒரு சிறுவனின் பாட்டி புகார் சொன்னதும் மருத்துவமனை அவரைப் பணியிலிருந்து விலக்கியது. புகாரை அந்த அளவுக்கு உடனடியாக எடுத்துக்கொண்ட ஓர் இடம் இது. ஆனால் கனடா போலீஸ் அனுப்பிய சிறார் ஆபாசப் படம் வாங்கியவர்களின் பட்டியலில் இவர் பெயர் 2012 ஜூலையிலேயே இங்கிலாந்தின் தேசிய அமைப்பு ஒன்றிடம் கிடந்தது. 16 மாதம் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த 16 மாதமும் அவர் வார்டில் இருந்தார்.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக மருத்துவமனை நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகளால் பெயர்பெற்றது. அங்கே வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பார்த்தவர் ரெஜினால்டு ஆர்ச்சிபால்டு. மருத்துவமனைக்கு 2004-லேயே ஒரு முன்னாள் நோயாளியின் புகார் வந்தது. மற்ற முன்னாள் நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி உங்களுக்கும் நடந்ததா என்று அது பரவலாகக் கேட்டது 2018-ல். அதற்குள் அந்த மருத்துவர் இறந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது.

இத்தனை இடங்களிலும் ஒரே தவறு வேறு வேறு உடையில் வருகிறது. முதலாவது, ‘இது மருத்துவமா?’ என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் சொல்லும் உரிமை எப்போதும் குற்றம் சாட்டப்பட்டவருக்கோ அவருடைய நண்பர்களுக்கோ போகிறது. ஒரு வழக்கறிஞர் பணம் கையாடியதாகப் புகார் வந்தால், அவரே கணக்குப் பார்த்துச் சான்றிதழ் தரட்டும் என்று யாராவது விடுவோமா? அந்தரங்க உறுப்பைத் தொடும் சிகிச்சைக்கு மருத்துவக் குறிப்பில் பதிவு இருக்க வேண்டும், முன்கூட்டியே விளக்கிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், கையுறை போட்டிருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்க்க எலும்பியல் நிபுணர் தேவையில்லை. கோப்பைப் புரட்டத் தெரிந்த ஒரு காவலர் போதும். நாசரின் குறிப்புகளில் அந்தச் சிகிச்சை பற்றிய பதிவு பல இடங்களில் இல்லவே இல்லை.

இரண்டாவது, நற்பெயர். இந்த மருத்துவர்கள் குழந்தைகளை மட்டும் வசப்படுத்தவில்லை. ஊரையே வசப்படுத்தினார்கள். நாசர் ஆட்டிசம் குழந்தைகளுக்கு அறக்கட்டளை வைத்திருந்தார். தொலைபேசியும் பெற்றோரும் இல்லாத, தேசிய அணியின் டெக்சாஸ் பயிற்சி முகாமில், பட்டினி போடப்பட்ட சிறுமிகளுக்கு ரகசியமாகத் தின்பண்டம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அந்தச் சிறுமிகளுக்கு அங்கே கிடைத்த ஒரே அன்பும் அதுவே. அப்படிப்பட்டவரைப் பற்றிப் புகார் வரும்போது, ‘அவரா? இருக்காது’ என்பதுதான் முதல் பதிலாக வரும். அந்தப் பதிலைச் சொல்பவர் கெட்டவர் அல்ல, தெரிந்தவரை நம்புகிற சாதாரண மனிதர். அதனால்தான் முடிவெடுக்கும் வேலையை அவரிடம் விடக் கூடாது.

மூன்றாவது, மருத்துவமனையின் படிநிலை. அறையில் இருக்கும் நர்ஸுக்கு அந்த மருத்துவர்தான் அதிகாரி. நர்ஸின் அடுத்த பதவி உயர்வும் விடுமுறையும் அந்த மருத்துவர் கையில். 1996-ல் பிராட்லியைப் பற்றிச் சொன்ன நர்ஸும், கெம்பெர்லேயின் பொன்வாலோவும், பைன் ரிட்ஜின் குழந்தைகள் மருத்துவரும் சொன்ன பிறகு தனியாகத்தான் நின்றார்கள். இந்தக் கொடுமைகளின் நீண்ட வரலாற்றில் நான் மரியாதையோடு நினைப்பது இவர்களைத்தான். பைன் ரிட்ஜ் மருத்துவருக்கு அதற்கான விலை ஊர் மாற்றமாக வந்தது.

உரிமம் வழங்கும் வாரியங்களைப் பற்றி ஒரு சொல். ‘அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன்’ நாளிதழ் 2016-ல் அமெரிக்கா முழுவதும் ஒழுங்கு நடவடிக்கை ஆவணங்களைத் தோண்டியது. நோயாளிகளிடம் பாலியல் அத்துமீறியதற்காக 1999-க்குப் பிறகு தண்டிக்கப்பட்ட மருத்துவர்கள் 2,400-க்கு மேல். அவர்களில் பாதிப் பேரிடம் அப்போதும் உரிமம் இருந்தது. இவை வெளியே தெரிந்தவை மட்டும், வயதுவந்த நோயாளிகளும் இதில் அடக்கம். இத்தகைய 101 வழக்குகளை ஆராய்ந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், குற்றவாளிகள் எல்லோரும் ஆண்கள். 85 விழுக்காட்டினர் நோயாளியைத் தனியாகப் பரிசோதித்தவர்கள்.

எனவே உடனிருக்கும் ஆள் என்ற விதி முக்கியம். டெலவேர் மாநிலம் பிராட்லிக்குப் பின் 2010-ல் ஒன்பது சட்டங்களை ஒரே வீச்சில் கொண்டுவந்தது. 15 வயதுக்குட்பட்ட குழந்தையின் உடை களைந்து பரிசோதிக்கும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர் கழகமும் 2011-ல், மருத்துவர்களாலேயே குழந்தைகளுக்கு நேரும் வன்கொடுமை பற்றித் தனிக் கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஆனால் நாசர் விஷயத்தில் தாய் அறையிலேயே இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. கூட இருப்பவருக்கு எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், ‘நிறுத்துங்கள் டாக்டர்’ என்று எப்போது சொல்லலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் ஆள் இருப்பதால் மட்டும் குழந்தைக்குப் பாதுகாப்பு வந்துவிடாது.

கால வரம்பு இன்னொரு சுவர். ஆர்ச்சிபால்டின் நோயாளிகள் பேசத் துணிந்தபோது அறுபது, எழுபது வயது ஆகியிருந்தது. சட்டம் பழைய வழக்குகளை ஏற்காது. நியூயார்க் 2019-ல் குழந்தைகள் பாதிப்புச் சட்டம் இயற்றி, பழைய வழக்குகளைத் தொடுக்கத் தற்காலிகமாகக் கதவைத் திறந்த பிறகே அவர்களால் நீதிமன்றம் போக முடிந்தது. குழந்தைப் பருவத்துக் காயத்தைப் பேச மனிதர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். சட்டமும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் சட்டம் எழுத்தில் பலவீனமாக இல்லை. 2012-ன் போக்சோ சட்டம், மருத்துவமனை நிர்வாகமோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் செய்யும் குற்றத்தைக் கடுமையான வகையில் சேர்த்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற வேறுபாடு இல்லை. பிரிவு 19-ன்படி, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தைச் சொல்லாவிட்டால் ஓராண்டு வரை சிறையோடு அபராதமும். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்ற பாதுகாப்பும் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 27.

2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்ட வழக்கு ஒன்றில் இதை உறுதியாகச் சொன்னது. பழங்குடி மாணவியர் விடுதியில் சிறுமிகள் வன்கொடுமைக்கு ஆளானது தெரிந்தும் சொல்லவில்லை என்று அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் மேல் வழக்கு. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம், குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்றது. மெரிடியன், கெம்பெர்லே, லூயிஸ், பைன் ரிட்ஜ் எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் வாசகம் அது.

இங்கே குறைவது நடைமுறை. புகார் வந்ததும் ‘உள் விசாரணைக் குழு’ அமைப்பது நம் மருத்துவமனைகள், பள்ளிகள், விளையாட்டு விடுதிகள் எல்லாவற்றின் அனிச்சைச் செயல். உள் விசாரணை நடத்துங்கள், ஆனால் அதை முடித்த பிறகு போலீசுக்குப் போகலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. முதலில் காவல்துறை, அன்றே அந்த மருத்துவர் குழந்தைகளைப் பார்ப்பதிலிருந்து விலக்கல், பிறகுதான் குழு. உண்மையா பொய்யா என்று தீர்ப்பது சொல்பவரின் வேலையும் இல்லை, கேட்பவரின் வேலையும் இல்லை.

குழந்தைகள் வார்டு வைத்திருக்கும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வார்டின் சுவரில், படிக்கும் உயரத்தில், எளிய தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள்: பரிசோதனையின்போது நீங்கள் கூட இருக்கலாம், மருத்துவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்கலாம், சந்தேகம் இருந்தால் நிறுத்தச் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண் 1098. மாநில மருத்துவ கவுன்சிலுக்கு இன்னொன்று: பாலியல் புகாரில் நடவடிக்கைக்கு உள்ளான மருத்துவர்களின் பெயரையும் முடிவையும் எந்தப் பெற்றோரும் கைபேசியில் தேடிப் பார்க்கும்படி வெளியிடுங்கள். பெற்றோர்களே, பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் உங்கள் குழந்தை ஏதாவது சொன்னால், அதை அந்த டாக்டரிடம் போய் விளக்கம் கேட்காதீர்கள். 1098-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.